ஸ்பீடு, டைம், டிஸ்டன்ஸ் கணக்கு மட்டும் மண்டைல ஏறவே மாட்டேங்குது, யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்க

தக்காளிமண்டி:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கத்துல இருந்து கேக்கறேன். காலேஜ்ல தமிழ் எடுத்து படிச்சவன், ரயில்வே வேலைக்கான என்டிபிசி எக்ஸாம் ரெண்டாவது தடவை எழுதப் போறேன். விடியக்காலைல மண்டில அப்பாகூட தக்காளி பெட்டி ஏத்தி இறக்கிட்டு பத்து மணிக்கு மேலதான் புக்கையே தொறப்பேன். சதவீதம், வட்டி, லாப நட்டம் எல்லாம் மண்டி புண்ணியத்துல வந்துடுது, கமிஷன் போட்டுப் போட்டு பழகின கை. ஆனா இந்த வண்டி போற கணக்கு, ரயில் போற கணக்கு வந்தா மட்டும் கை அப்படியே நின்னுடுது. போன வருஷம் ஒரு கோச்சிங் சென்டர்ல சேந்தேன், மொத நாளே ஒரே ஜெராக்ஸ் பேப்பர்ல நாப்பது ஃபார்முலா குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க, பண்ணேன், எக்ஸாம் ஹால்ல எந்த கணக்குக்கு எந்த ஃபார்முலான்னு தெரியாம எல்லாத்தையும் வுட்டுட்டு வந்தேன்.

இந்த வாரம் தப்பா போட்டது நாலு இருக்கு, நம்ம ஊர் பேரு போட்டு எழுதறேன்.

ஒண்ணு, தர்மபுரில இருந்து ஒகேனக்கல் பைக்ல போறப்ப மணிக்கு 40 கிமீ, அதே ரோட்ல திரும்பி வர்றப்ப 60, சராசரி வேகம் எவ்வளவு. நான் 50னு போட்டேன், ஆன்சர் 48ங்கறான். எப்படிங்க? 40க்கும் 60க்கும் நடுவுல 50 தான?

ரெண்டாவது, ஒருத்தர் வழக்கமா போற வேகத்துல முக்கால் பங்கு வேகத்துல போனதால 20 நிமிஷம் லேட்டு, வழக்கமா எவ்வளவு நேரம் ஆவும்? தூரமும் தரல, வேகமும் தரல, எதை வெச்சு போடறது.

மூணாவது, 150 மீட்டர் நீள ரயில் 250 மீட்டர் பிளாட்பாரத்தை 20 செகண்டுல கடக்குது, வேகம் என்ன. 250ஐ 20ஆல வகுத்து மாத்தினா கரெக்டா 45 வருது, ஆப்ஷன்லயும் 45 இருக்கு, சந்தோஷமா டிக் பண்ணேன், தப்பாம்.

நாலாவது, காலைல 6 மணிக்கு பஸ் ஒண்ணு தர்மபுரில இருந்து ஓசூருக்கு 40 கிமீ வேகத்துல கிளம்புது, 6.45க்கு அதே எடத்துல இருந்து கார் 60 வேகத்துல கிளம்புது, எத்தனை மணிக்கு பஸ்ஸைப் பிடிக்கும். நான் 7.30னு போட்டேன். அதுவும் தப்பு.

ஃபார்முலா வேணாங்க, அது என்கிட்ட நாப்பது இருக்கு. எப்படி யோசிக்கணும்னு சொல்லுங்க.


ஷார்ட்கட்_கிங்:

ப்ரோ ரொம்ப சிம்பிள். மொத கணக்குக்கு 2xy வகுத்தல் x+y. 2 பெருக்கல் 40 பெருக்கல் 60 = 4800, அதை 100ஆல வகு, 48. முடிஞ்சுது. சராசரி வேகம்னு கேட்டாலே கண்ணை மூடிட்டு இதைப் போடு. பத்து செகண்டு வேலை. யோசிச்சிட்டு உக்காந்தா எக்ஸாம்ல டைம் இருக்காது.


கணக்கு_அக்கா_அரூர்:

கண்ணை மூடிட்டு போடாதீங்க தம்பி, ரெண்டு பேருக்கும் சேத்துதான் சொல்றேன். அந்த ஃபார்முலா போற தூரமும் வர்ற தூரமும் ஒண்ணா இருந்தா மட்டும்தான் செல்லும். "ஒரு மணி நேரம் 40ல போனார், அடுத்த ஒரு மணி நேரம் 60ல போனார்"னு கேட்டா மொத்தம் 100 கிமீ, 2 மணி, சராசரி 50 தான். அங்க போய் 48னு போட்டா மார்க் போச்சு. கேள்வி எழுதறவனுக்கு நீங்க எல்லாரும் ஷார்ட்கட் படிச்சுட்டு வர்றது தெரியும், அவன் வேலையே ஒரு வார்த்தைய மாத்தி வெக்கறதுதான்.

நான் சாயங்காலம் வீட்லயே பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், பதினோரு வருஷமா இதே கணக்குல இதே தப்பை பாக்கறேன். பசங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வேகம், நேரம், தூரம் மூணுல எது மாறாம நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடி, அதுக்கப்புறம் பேனாவை எடு. நம்பரைப் பாத்ததும் கூட்டவா வகுக்கவான்னு ஓடாத.

உங்க மொத கணக்குல மாறாதது தூரம். தூரம் எவ்வளவுன்னு சொல்லலன்னா பயப்படாதீங்க, நீங்களே ஒண்ணு வெச்சுக்கங்க, 40லயும் 60லயும் மீதியில்லாம வகுபடற நம்பரா இருந்தா வேலை சுலபம், 120னு வைங்க. ஒகேனக்கல் நிஜத்துல அவ்வளவு தூரம் இல்ல, அது பரவால்ல, பதில் மாறாது. போறப்ப 3 மணி, வர்றப்ப 2 மணி. 240 கிமீ, 5 மணி, 48. இப்ப ஏன் 50 வரலன்னு பாருங்க, மெதுவா போன நேரம்தான் அதிகம், 3 மணி நேரம் 40ல இருந்திருக்கீங்க, 2 மணி நேரம்தான் 60ல. மூணு டம்ளர் தண்ணி மோரையும் ரெண்டு டம்ளர் கெட்டி மோரையும் ஒரே குண்டால ஊத்தினா மோர் நடுத்தரமாவா இருக்கும், தண்ணி பக்கம்தான சாயும். அந்த மாதிரிதான். சம தூரம்னா சராசரி எப்பவும் மெதுவான பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கும், இது தெரிஞ்சா கணக்கே போடாம 50ங்கற ஆப்ஷனை அடிச்சுடலாம்.

ரெண்டாவதுலயும் மாறாதது தூரம்தான், அதே வீடு அதே ஆபீஸ். ஏழாவது புக்ல எதிர் விகிதம்னு படிச்சிருப்பீங்க, அதை ஞாபகப்படுத்திக்கங்க, தூரம் ஒண்ணுன்னா வேகம் கொறஞ்ச அளவுக்கு நேரம் தலைகீழா ஏறும். வேகம் 4 பங்கா இருந்தது 3 பங்கா ஆச்சு, அப்ப நேரம் 3 பங்கா இருந்தது 4 பங்கா ஆவும். கூடுன ஒரு பங்குதான் அந்த 20 நிமிஷம். பழசு 3 பங்கு, 60 நிமிஷம். நம்பலன்னா சரிபாத்துக்கங்க, 40 வேகத்துல ஒரு மணி நேரம், 40 கிமீ. அதே 40 கிமீயை 30ல போனா 80 நிமிஷம். இருபது லேட்டு. பாத்தீங்களா, தூரமும் தரல வேகமும் தரலன்னு புலம்பினீங்களே, தேவையே இல்ல.

நிறைய பேர் இதுல முக்கால் வேகம்னா கால் பங்கு கூட ஆவும்னு நெனச்சு 80னு போட்டுட்டு வருவாங்க. கொறஞ்சது நாலுல ஒண்ணு, கூடுறது மூணுல ஒண்ணு. இந்த எடத்துல ஒரு நிமிஷம் நின்னு யோசிங்க, மத்ததெல்லாம் தானா வரும்.

மூணும் நாலும் ராத்திரி எழுதறேன், பசங்க வந்துட்டாங்க.


பத்துசக்கரம்:

அக்கா மோர் கணக்கு சூப்பர். நான் லாரி டிரைவர், பத்தாவதோட நிறுத்திட்டேன், இதெல்லாம் படிக்கலாமான்னு தெரியல, ஆனா இந்த சராசரி விசயத்துல எனக்கும் ஓனருக்கும் நடந்த சண்டைய சொல்லியே ஆவணும்.

தர்மபுரில லோடு ஏத்தி சேலம் பக்கம் எறங்கணும். தொப்பூர் கணவாய் தெரியாத டிரைவர் இந்தப் பக்கம் இருக்க மாட்டான், தர்மபுரில இருந்து போறப்ப எறக்கம், லோடு பின்னாடி தள்ளும், இரட்டைப் பாலம் வர்றதுக்குள்ள எத்தனை வண்டி கவுந்திருக்குன்னு கணக்கே இல்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல வுட்டு எறக்கறவன், பிரேக்க மிதிச்சு மிதிச்சு சூடாக்கி கடைசில பிரேக்கே பிடிக்காம போய் முன்னாடி வண்டில சொருகறவன், எல்லாத்தையும் பாத்தாச்சு. நான் சின்ன கியர்லயே புடிச்சு எறக்குவேன், மெதுவாத்தான் போவும். அன்னிக்கு கணவாய்ல டிராஃபிக் வேற. 60 கிமீக்கு 2 மணி நேரம் ஆயிடுச்சு, அதாவது 30 வேகம்.

ஓனர் போன்ல சொல்றாரு, "போறப்ப 30ல போயிட்ட, பரவால்ல, வர்றப்ப காலி வண்டிதான, 90ல வந்துடு, 60 ஆவரேஜ் ஆயிடும்"ங்கறாரு. மொதல்ல 90 எங்க போறது, இப்ப வர்ற வண்டில ஸ்பீடு கவர்னர் 80லயே கட் பண்ணிடும். அது போவட்டும், 90லயே வந்தேன்னு வெச்சுக்குவோம். போறப்ப 2 மணி, வர்றப்ப 40 நிமிஷம், மொத்தம் 2.40. ரெண்டு பக்கமும் சேத்து 120 கிமீ. கால்குலேட்டர்ல 120ஐ 2.40ஆல வகுத்தேன், 50 வந்துச்சு. "60 எங்க ஓனரே ஆவுது, 50 தான் ஆவுது"ன்னு போன்லயே சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியல, ஆனா குரல் எறங்கிடுச்சு.

இன்னொண்ணு அப்புறமா சேலம் பைபாஸ்ல டீ குடிக்கறப்ப தோணுச்சு. 120 கிமீக்கு 60 ஆவரேஜ் வேணும்னா மொத்தமே 2 மணி நேரம்தான் இருக்கு. அந்த 2 மணியும் போறப்பவே தீந்துடுச்சு. அப்ப நான் திரும்பி வர்றதுக்கு நேரமே இல்ல, ஏரோப்ளேன்ல வந்தாலும் 60 ஆவாது. பாதி தூரத்தை பாதி வேகத்துல போயிட்டா அப்புறம் எதைப் பண்ணியும் புடிக்க முடியாது. இது எனக்கு படிச்சு வரல, ரோட்ல வந்துச்சு.


மொரப்பூர்_ரிட்டயர்டு:

ரயில் கணக்கு வந்ததால நானும் எழுதறேன். ரயில்வேல கேட் கீப்பரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். தம்பி, நீ ரயில்வே வேலைக்குப் போறவன், இதைத் தப்பா போடலாமா.

எங்களுக்கு வேலைல சேந்ததும் சொல்லித் தர்றது என்ன தெரியுமா, வண்டி வந்துச்சான்னு இஞ்சினைப் பாக்காத, வண்டி போச்சான்னு கடைசிப் பெட்டியைப் பாரு. கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி எல்வி போர்டு மாட்டியிருக்கும், லாஸ்ட் வெஹிகிள்னு அர்த்தம், மஞ்சள்ல பெருக்கல் குறி மாதிரியும் போட்டிருக்கும், ராத்திரில சிவப்பு விளக்கு மினுக் மினுக்குனு எரியும். அதைக் கண்ணால பாத்தாத்தான் வண்டி முழுசா போயிடுச்சுன்னு அர்த்தம். எல்வி இல்லன்னா நடுவுல பெட்டி கழண்டு எங்கயோ நிக்குதுன்னு சந்தேகப்படணும். இஞ்சின் கேட்டைத் தாண்டிட்டா உடனே கேட்டைத் தொறந்துடுவியா?

இப்ப உன் கணக்குக்கு வா. பிளாட்பாரத்தைக் "கடக்குது"ன்னா இஞ்சின் பிளாட்பாரத்து இந்த முனைய தொட்டதுல இருந்து எல்வி போர்டு அந்த முனைய தாண்டற வரைக்கும். இஞ்சின் அந்த முனைக்கு வர்றப்ப 250 மீட்டர் ஓடியிருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி 150 மீட்டர் வண்டி இன்னும் பிளாட்பாரத்துலயே நிக்குது. அது முழுக்க வெளிய வரணும்னா இன்னும் ஒரு 150 மீட்டர் ஓடணும். மொத்தம் 400. இருபது செகண்டு, செகண்டுக்கு 20 மீட்டர். அதை கிமீக்கு மாத்து, 72.

நீ போட்ட 45 ஆப்ஷன்ல இருந்துச்சுன்னு சொன்னியே, அது தெரியாம வந்து உக்காரல. ரயில் நீளத்தை மறந்துட்டு வர்றவனுக்குன்னே போட்டு வெச்சிருக்கான்.

ரயில் கம்பத்தைத் தாண்டுதுன்னு கேட்டா, நின்னுட்டிருக்கற ஆளைத் தாண்டுதுன்னு கேட்டா, கம்பத்துக்கும் ஆளுக்கும் நீளம் கிடையாது, ரயில் தன் நீளத்தை மட்டும் ஓடினா போதும். எதிர்ல இன்னொரு ரயில் வந்தா ரெண்டு நீளத்தையும் கூட்டு, ரெண்டு வேகத்தையும் கூட்டு. ஒரே பக்கம் போனா நீளத்தைக் கூட்டு, வேகத்தைக் கழி. நீளம் எப்பவும் கூட்டல்தான், அதுல கொழப்பிக்காத.

கிமீயை மீட்டருக்கு மாத்தறதுக்கு 5 மேல 18ஆ, 18 மேல 5ஆன்னு எல்லாரும் முழிக்கறீங்க. மணிக்கு 18 கிமீன்னா செகண்டுக்கு 5 மீட்டர், இது ஒண்ணு போதும். 36ன்னா 10, 54ன்னா 15, 72ன்னா 20, 90ன்னா 25. கிமீ நம்பர் எப்பவும் பெருசா இருக்கும், மீட்டர் நம்பர் சின்னதா இருக்கும். மாத்திப் போட்டா உடனே கண்ணுல தெரிஞ்சுடும்.

இதையும் போட்டுப் பாரு. ஒரு ரயில் கம்பத்தை 8 செகண்டுல தாண்டுது, 300 மீட்டர் பிளாட்பாரத்தை 20 செகண்டுல தாண்டுது. வேகம் என்ன, ரயில் நீளம் என்ன. நான் பதில் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பஸ்ல போறப்ப சும்மா போனை நோண்டாம கிமீ கல்லைப் பாரு. ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லு வர எத்தனை செகண்டுன்னு எண்ணி, 3600ஐ அதால வகுத்தா வண்டி வேகம். 60 செகண்டுன்னா 60, 45 செகண்டுன்னா 80, 40 செகண்டுன்னா 90. நாங்க ரயில்ல இப்படித்தான் பந்தயம் கட்டுவோம்.


தக்காளிமண்டி:

தாத்தா செம்ம. எல்வி போர்டு இனிமே சாவற வரைக்கும் மறக்காது. அக்கா, மோர் கணக்கை இன்னிக்கு மண்டிலயே அப்பாகிட்ட சொன்னேன், "ரெண்டு வெலைல வாங்கின தக்காளிக்கு ஆவரேஜ் போடறப்ப பெட்டி எண்ணிக்கைய பாக்காமயா போடுவ, அதையேதான அந்தம்மா சொல்லுது"ன்னுட்டு பீடிய பத்த வெச்சுக்கிட்டாரு. அவரு மூணாவது வரைக்கும்தான் படிச்சவரு.

நாலாவது கணக்கை மறுபடி போட்டேன். பஸ் முக்கால் மணி நேரத்துல 30 கிமீ போயிடுச்சு. கார் 20 வேகம் கூட. 30ஐ 20ஆல வகுத்தா ஒன்றரை மணி. 6 மணிக்கு ஒன்றரை கூட்டினா 7.30 தான வருது? எங்க தப்பு?


கணக்கு_அக்கா_அரூர்:

எல்லாம் சரியா போட்டுட்டு கடைசி வரில கோட்டை வுட்டீங்க. அந்த ஒன்றரை மணி யாருடையது? 6 மணிக்கு கார் வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தது தம்பி. துரத்தல் ஆரம்பிச்சது 6.45க்கு. 6.45 கூட ஒன்றரை மணி, 8.15.

இந்த மாதிரி கணக்குக்கு எல்லாம் ஒரு பழக்கம் வெச்சுக்கங்க, ரெண்டாவது வண்டி கிளம்பற நிமிஷத்துல ஒரு போட்டோ புடிங்க. நோட்டுல ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் தர்மபுரி, அந்தப் பக்கம் ஓசூர். 6.45க்கு கார் தர்மபுரில, பஸ் 30 கிமீ தள்ளி, காரிமங்கலம் தாண்டி எங்கயோ. இடைவெளி 30. இங்க இருந்து கணக்கு, இதுக்கு முன்னாடி நடந்ததை மறந்துடுங்க. இனிமே ரெண்டு வண்டிக்கும் ஓடற நேரம் ஒண்ணு, அதுதான் இங்க மாறாதது. கோடு போட சோம்பேறித்தனம் பட்டு மனசுக்குள்ளயே போடற பசங்கதான் இதுல மாட்டறாங்க, நல்லா படிக்கற பசங்களே.

சரிபாக்கறதும் முக்கியம். 8.15க்கு பஸ் 2 மணி 15 நிமிஷம் ஓடியிருக்கு, 40 வேகத்துல 90 கிமீ. கார் ஒன்றரை மணி, 60ல 90 கிமீ. ரெண்டும் ஒரே எடம், சூளகிரி தாண்டி ஓசூர் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி. உங்க 7.30க்கு போட்டுப் பாருங்க, பஸ் 60ல இருக்கும், கார் 45ல இருக்கும். அங்கயே தப்பு தெரிஞ்சிருக்கும்.

எதிர் எதிரா வந்தா இன்னும் சுலபம். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் 45 கிமீன்னு வைங்க, இங்க இருந்து ஒண்ணு 40ல, அங்க இருந்து ஒண்ணு 50ல ஒரே நேரத்துல கிளம்பினா மணிக்கு 90 கிமீ இடைவெளி கரையுது, அரை மணில சந்திக்கும், தர்மபுரில இருந்து 20வது கிமீல. கரையறதுன்னு நெனச்சுக்கங்க, கூட்டறதா கழிக்கறதான்னு சந்தேகமே வராது. ரெண்டு பேரும் சேந்து இடைவெளியைக் கரைச்சா கூட்டல், ஒருத்தர் கரைக்க இன்னொருத்தர் நீட்டினா கழித்தல்.


பென்னாகரத்தான்:

எல்லா வண்டியும் வந்துடுச்சு, பரிசல் மட்டும் வரலியேன்னு பாத்தேன். படகு நீரோட்டக் கணக்கும் இதே குடும்பம்தான் தம்பி, அதை வுட்டுடாத.

ஆத்தோட போறப்ப 6 கிமீ, ஆத்தை எதுத்து வர்றப்ப 2 கிமீன்னா, கூட்டிப் பாதி 4 பரிசல் வேகம், கழிச்சுப் பாதி 2 தண்ணி வேகம். 3 கிமீ போயி 3 கிமீ திரும்பினா போறப்ப அரை மணி, வர்றப்ப ஒன்றரை மணி, சராசரி 3. அக்கா சொன்ன மோர் இங்கயும் தண்ணி பக்கம் சாயுது பாரு.

ஆனா இந்த கேள்வி எழுதறவங்க ஒருத்தரும் ஒகேனக்கல் வந்ததில்லன்னு நினைக்கறேன். எங்க ஊர்ல தண்ணி வேகம் புடிச்சா பரிசலை எதுத்து யாரும் ஓட்ட மாட்டாங்க, எறக்கிவுட்டு பரிசலைக் கவுத்து தலைல வெச்சுக்கிட்டு பாறை மேலயே நடந்து வந்துடுவாங்க. வட்டமா இருக்கறதால நேரா போறதைவிட சுத்தறதுதான் ஜாஸ்தி. அதுக்கு ஃபார்முலா யாரும் எழுதல.

ஒரு கணக்கு கேக்கறேன், என் பெரியப்பா பரிசல்காரரு, சின்ன வயசுல என்னைக் கேட்டது. ஆத்தை எதுத்து துடுப்பு போட்டுட்டு போறப்ப உன் செருப்பு ஒண்ணு தண்ணில வுழுந்துடுச்சு. நீ கவனிக்கல. 10 நிமிஷம் கழிச்சு பாத்து, உடனே திருப்பி அதே பலத்தோட துடுப்பு போடற. செருப்பைப் புடிக்க எத்தனை நிமிஷம்? பரிசல் வேகமும் சொல்ல மாட்டேன், தண்ணி வேகமும் சொல்ல மாட்டேன்.


ஷார்ட்கட்_கிங்:

அக்கா, ஒத்துக்கறேன், எனக்கே போன மாக் டெஸ்ட்ல சம நேரம்னு குடுத்து 2xy போட்டு ஒரு மார்க் போயிருக்கு, இப்பத்தான் ஏன்னு புரியுது.

ப்ரோ எக்ஸாம் பத்தி மட்டும் ஒண்ணு சொல்லிக்கறேன். என்டிபிசி மொத கட்டத்துல 100 கேள்வி 90 நிமிஷம், அதாவது ஒரு கேள்விக்கு 54 செகண்டு. தப்புக்கு மூணுல ஒரு மார்க் புடிப்பான், மூணு தப்பு ஒரு சரிய தின்னுடும். அதனால புரிஞ்சு படி, ஆனா கோடு போட்டும் அரை நிமிஷத்துல பாதை தெரியலன்னா தாண்டிப் போயிடு, கடைசில வா. சில கணக்குல ஆப்ஷனை உள்ள போட்டுப் பாக்கறதே வேகம், நாலாவது கணக்கை நானா இருந்தா 8.15ஐ போட்டு ரெண்டும் 90 வருதான்னு பாத்துட்டு போயிடுவேன். இதையும் ஷார்ட்கட்னு திட்டாதீங்க.


தக்காளிமண்டி:

தாத்தா கணக்கு போட்டுட்டேன். முதல்ல ரயில் நீளம் எக்ஸ்னு வெச்சு ரெண்டு சமன்பாடு எழுதி ஒரு பக்கம் ரொப்பினேன். அப்புறம் தோணுச்சு, கம்பத்துக்கு 8 செகண்டு, அது தன் நீளம் ஓடற நேரம். பிளாட்பாரத்துக்கு 20 செகண்டு, அதுலயும் அந்த 8 செகண்டு தன் நீளத்துக்கே போயிடும். மிச்சம் 12 செகண்டு, அதுதான் 300 மீட்டருக்கு. செகண்டுக்கு 25 மீட்டர், கிமீல 90. நீளம் 25ஐ 8ஆல பெருக்கினா 200 மீட்டர். எக்ஸே வேணாம்.

செருப்பு கணக்குக்கு ராத்திரி பூரா தூக்கம் போச்சு. எனக்கு 10 நிமிஷம்னு தோணுது. தண்ணியோட சேந்து போறவனா நெனச்சுப் பாத்தேன், தண்ணிக்கு செருப்பு நின்ன எடத்துலயே நிக்குது. பரிசல் அதைவிட்டு 10 நிமிஷம் தள்ளிப் போச்சு, அதே பலத்துல திரும்பி வர 10 நிமிஷம். ஆறு ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான இழுக்குது, அது கணக்குலயே இல்ல. சரியாண்ணா?


பென்னாகரத்தான்:

சரிதான்டா தம்பி. எனக்கு இது தெரிய ஒரு வாரம் ஆச்சு, பெரியப்பாகிட்ட ரெண்டு கொட்டும் வாங்கினேன்.


பத்துசக்கரம்:

எல்லாரும் மன்னிக்கணும், ஒரு திருத்தம். எம்பொண்ணு எட்டாவது படிக்குது, அப்பா இவ்வளவு பெருசா என்னமோ எழுதியிருக்காரேன்னு நேத்து என் போனை வாங்கி நான் போட்டதை படிச்சுது. படிச்சுட்டு "ஏம்பா, 2 மணி 40 நிமிஷத்தை 2.40னு கால்குலேட்டர்ல போட்டியா, ஒரு மணிக்கு நூறு நிமிஷமா"ன்னு கேக்குது. 40 நிமிஷம்னா மூணுல ரெண்டு பங்கு மணியாம். 120 கிமீ, 160 நிமிஷம். 160 நிமிஷத்துக்கு 120ன்னா 60 நிமிஷத்துக்கு 45. ஆவரேஜ் 50 இல்ல, 45.


கணக்கு_அக்கா_அரூர்:

ஐயோ அண்ணா, நானும் அதைப் படிச்சு சிரிச்சுட்டு கவனிக்காமயே தாண்டிட்டேன். பாப்பா சொன்னதுதான் சரி. இந்த 2.40 தப்பை என் டியூஷன்ல வாரத்துக்கு ஒருத்தர் பண்ணுவாங்க. 6 நிமிஷம்னா 0.1 மணி, 15ன்னா 0.25, 24ன்னா 0.4, இந்த மூணு ஞாபகம் இருந்தா போதும். 2.40ங்கறது 2 மணி 24 நிமிஷம். பாப்பாவை நல்லா படிக்க வைங்க.


பத்துசக்கரம்:

படிக்க வெக்கறேன்மா. இப்ப பிரச்சனை என்னன்னா ஓனர்கிட்ட 50னு அடிச்சுப் பேசிட்டு வந்திருக்கேன். மறுபடி போன் பண்ணி 50 இல்லைங்க, 45ன்னா, அந்த அஞ்சு கிமீ எங்க போச்சுன்னு டீசல் பில்லோட கேப்பாரு. வுட்டுடலாம்னு பாத்தேன், பாப்பா வுட மாட்டேங்குது, "நீ சொல்லலன்னா நான் பேசறேன்"னு போனை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.